திண்ணையில் வைத்த பார்சல் களவு போகாமலிருக்க

டெலிவரி தம்பி பதினொரு மணிக்கு வருகிறார். ஆள் இல்லை. பார்சலைத் திண்ணையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார். வீட்டுக்காரர் வேலை முடிந்து வர ஆறரை ஆகும். நடுவில் ஏழரை மணி நேரம் அந்த அட்டைப்பெட்டி தெருவைப் பார்த்தபடி கிடக்கிறது. களவு நடப்பது அந்த நேரத்தில்தான். எனவே எந்த ஏற்பாடு செய்தாலும், ‘பார்சல் தனியாகக் கிடக்கும் நேரம் இதனால் எவ்வளவு குறைகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். கேமரா வாங்குவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். யார் எடுத்தார்கள் என்று கேமரா சொல்லும். எடுக்காமல் தடுப்பது அபூர்வம். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். செலவே இல்லாதது முகவரி, அதிலிருந்து தொடங்குவோம்.

முகவரி

களவு போனதாக நினைக்கும் பார்சல் பல நேரம் வேறு வீட்டில் பத்திரமாக இருக்கும். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் மேலத் தெரு, கீழத் தெரு, வடக்குத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் கிடையாது. ஆலங்குளம் என்று தென்காசி மாவட்டத்தில் ஓர் ஊர், விருதுநகர் மாவட்டத்தில் ஓர் ஊர். பின்கோடில் 627-க்குப் பதில் 626 விழுந்தால் பார்சல் அந்தப் பக்கம் போய்விடும். தென்காசி 2019-இல் தனி மாவட்டம் ஆன பிறகும் பின்கோடு 627-தான். ஆப்பில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் திருநெல்வேலி என்ற பழைய பெயர் வந்தால் பயப்பட வேண்டாம், பின்கோடு சரியாக இருந்தால் போதும். திருநெல்வேலி மாநகருக்குள்ளேயும் ஜங்ஷன் 627001, பாளையங்கோட்டை 627002, மேலப்பாளையம் 627005, டவுன் 627006 என்று தனித்தனி. வெறுமனே ‘திருநெல்வேலி’ என்று போட்டு 627001 கொடுத்தால் பாளைப் பார்சல் தவறான ஹப்புக்குப் போய், ஒரு நாள் கழித்து யாரோ ஒருவர் கையில் வந்து சேரும்.

பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதுங்கள். அடையாளம் எழுதும்போது ‘கோயில் பக்கம்’ என்றால் எந்தக் கோயில் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. ‘ரேஷன் கடையிலிருந்து மூன்றாவது வீடு, பச்சைக் கிராதி, வேப்பமரம்’ என்று கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். வளவு வீடாக (ஒரே வளாகத்துக்குள் வரிசையாக உள்ள வீடுகளில் ஒன்றாக) இருந்தால் வளவின் பெயரும், உள்ளே எத்தனையாவது வீடு என்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் முதல் வீட்டு வாசலிலேயே வளவில் உள்ள எல்லாப் பார்சலும் குவியும். ஆப்பில் இருக்கும் வரைபடக் குறியை ஒருமுறை வீட்டு வாசலில் நின்றுகொண்டு சரிசெய்துவிடுங்கள். ஆபீஸில் உட்கார்ந்து ஆர்டர் போட்டவர்களுக்குக் குறி ஆபீஸிலேயே நின்றுவிடுவது உண்டு.

வரும் நாள்

வீடு பூட்டியிருக்கும் நாளில் பார்சல் வருவதுபோல் ஆர்டர் போடாதீர்கள். பங்குனி உத்திரத்தன்று பாதித் தெரு சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கும். பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொன்னாலும் பக்கத்து வீடும் பூட்டுதான். ஆனித் தேரோட்டத்தின்போது டவுன் ரத வீதிகளுக்குள் வண்டி வராது. சில தம்பிகள் தெருமுனைக் கடையில் போட்டுவிட்டு ‘டெலிவர்டு’ என்று அழுத்திவிடுவார்கள். தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னும் வரும், பின்னும் வரும். அப்போது விலை கூடிய பொருளுக்கு வீட்டு முகவரியே கொடுக்காமல், வேலை பார்க்கும் இடத்து முகவரி கொடுப்பது நல்லது. அங்கே பகல் முழுக்க ஆள் இருக்கும். குரியர் ஆபீஸுக்கே போய் வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு. பார்சல் ஊருக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் கிளைக்குப் போன் பண்ணி ‘நாங்களே வந்து எடுத்துக்கிடுதோம்’ என்று சொன்னால் பெரும்பாலும் எடுத்து வைப்பார்கள். அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று காற்று. பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் ஆனி ஆடியில் அடிக்கும் காற்றுக்குத் துணிப் பார்சல் திண்ணையில் நிற்காது. அங்கே பார்சல் காணோம் என்றால் முதலில் முள்வேலி ஓரம் பாருங்கள். பாபநாசம், குற்றாலம் பக்கத்தில் குரங்கு. தின்பண்டம் என்று வாசனை பிடித்தால் அட்டையைக் கிழிக்க அரை நிமிஷம் ஆகாது.

ஆப்பில் எழுதும் குறிப்பும் ஓடிபியும்

‘வாசலில் வைக்கவும்’ என்ற தேர்வைத் தொடாதீர்கள். பார்சல் காணாமல் போனால், ‘நீங்கள்தானே வைக்கச் சொன்னீர்கள்’ என்று புகாரை மூடிவிட அது வழி கொடுக்கும். குறிப்பு எழுதும் இடத்தில் இப்படி எழுதலாம்: ‘வாசலில் வைக்க வேண்டாம். ஆள் இல்லையென்றால் எதிர்வீடு, நீலக் கேட், ஆச்சியிடம் கொடுக்கவும். கொடுத்ததும் போன் செய்யவும்.’ மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் வெயிலில் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் படிக்க மாட்டார்.

விலை கூடிய பொருளுக்கு ஓடிபி கேட்கும். அதை எப்போது சொல்வது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மத்தியானம் ஒரு போன் வரும்: “அண்ணாச்சி, பார்சல் இருக்கு. ஓடிபிய மட்டும் சொல்லுங்க, சாயங்காலம் கொண்டாந்து தாரேன்.” அன்றைய கணக்கை முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக் கேட்கிறவரும் உண்டு, எடுத்துக்கொண்டு போக நினைக்கிறவரும் உண்டு. போனில் இரண்டு குரலும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஓடிபி சொன்ன நிமிஷத்திலிருந்து, பார்சல் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. “கொண்டு வாங்க தம்பி, கையில வாங்கிட்டுச் சொல்லுதேன். இன்னைக்கு முடியலேன்னா நாளைக்கு வாங்க” என்றால் போதும். சண்டை வேண்டாம். பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். ஒரு சொம்பு தண்ணி கொடுக்கிற வீட்டுக்கு மறுமுறை போன் பண்ணிவிட்டுத்தான் வருவார்.

‘பார்சல் நிற்கிறது, இந்த நம்பரை அழுத்துங்கள்’ என்று *21* அல்லது *401* என்று தொடங்கும் எண்ணைச் சொன்னால் அது வேறு வகைத் திருட்டு. உங்களுக்கு வரும் அழைப்புகளை வேறு போனுக்குத் திருப்பிவிடும் எண் அது. அழுத்தியிருந்தால் உடனே ##002# அழுத்தினால் திருப்பிவிட்டது எல்லாம் ரத்தாகும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்.

பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்து, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ஒரு விதி போதும்: போடாத ஆர்டருக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ‘ஒங்க மகன் அனுப்பியிருக்காவ, எண்ணூத்தம்பது ரூவா குடுங்க ஆச்சி’ என்று வந்து நிற்பார்கள். பிரித்தால் பழைய துணி. மகன் எதை அனுப்பினாலும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டித்தான் அனுப்புவான் என்று வீட்டில் சொல்லி வைத்துவிட்டால், காசு கேட்டு வருகிற எதையும் யோசிக்காமல் திருப்பி அனுப்பலாம்.

கை மாற்றி வாங்குவது

பூட்டைவிட ஆள் நல்லது. எதிர்வீட்டு ஆச்சி, தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி, வளவுக்குள் எப்போதும் இருக்கிற மைனி, யாராவது ஒருவர். ஆனால் கேட்காமல் அவர்கள் பெயரை ஆப்பில் எழுதக் கூடாது. கடை அண்ணாச்சியிடம் விடுவதாக இருந்தால் மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய பார்சலை அவர் தலையில் கட்டாதீர்கள். மூட்டை அளவுப் பார்சலும் வேண்டாம், கடையில் இடம் அடைக்கும். அன்று இரவே எடுத்துவிடுங்கள். பத்துப் பார்சல் சேர்ந்த கடையில் ஒன்று மாறிப்போனால் பார்சலும் போய், உறவும் போய்விடும். வாங்கி வைப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாங்கியதும் லேபிள் தெரிய ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. அதில் நேரமும் பதிவாகிவிடும், பெட்டி நசுங்கியிருந்தால் அதுவும் தெரியும்.

அடுக்குமாடி என்றால் காவலாளியிடம் ஒரு கோடு போட்ட நோட்டு: தேதி, வீட்டு எண், பார்சல் எண்ணின் கடைசி நான்கு எண், வாங்கியவர் கையெழுத்து. இதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டி செய்வது

வாரத்துக்கு இரண்டு மூன்று பார்சல் வரும், பகலில் வீட்டில் ஆள் இல்லை என்றால் பூட்டுப் பெட்டி செய்துகொள்வது லாபம். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாம். பட்டறைகளில் கிலோ கணக்கில்தான் விலை சொல்வார்கள், ஆகவே அளவைத் தீர்மானித்துக்கொண்டு போங்கள்.

அகலம் 20 அங்குலம், ஆழம் 18, உயரம் 36. தகடு 18 கேஜ். 20 கேஜ் எடுத்தால் எடை குறையும், ஆனால் கதவு ஓரத்தில் திருப்புளியை விட்டு நெம்பினால் வளைந்துவிடும். எட்டடிக்கு நாலடித் தகடு ஒன்று போதும். நீளவாக்கில் 36 அங்குல உயரத்துக்கு 20, 20, 18, 18 என்று நான்கு பக்கமும் வெட்டினால் 76 அங்குலம் போகும். மிச்சமுள்ள 20 அங்குலப் பட்டையில் மேல்தகடு, அடித்தகடு. அடியில் 12 அங்குல அகலத்துக்கு ஒரு நீளத் துண்டு மிஞ்சும், அதுதான் உள்ளே வைக்கும் சரிவுத் தகட்டுக்கு. மூலைகளுக்கு முக்கால் அங்குல ஆங்கிள்.

முன்பக்கம் மேலே 16-க்கு 10 அங்குல வாய். அதற்குக் கீல் வைத்த மூடி. வாயின் கீழ் விளிம்பிலிருந்து உள்நோக்கிக் கீழே 45 டிகிரியில் சரிவுத் தகடு இறங்க வேண்டும். 12 அங்குலத் தகடு அந்தச் சரிவில் எட்டரை அங்குலம் உள்ளே போகும், பின்னால் ஒன்பதரை அங்குல இடைவெளி இருக்கும். பார்சல் சறுக்கிப் பின்னால் விழுந்துவிடும். வெளியிலிருந்து கை விடுகிறவனுக்குத் தகட்டின் முனை வரை சுலபமாக எட்டும். அங்கிருந்து முழங்கையை மடக்கிக் கீழே இருக்கும் பெட்டியைத் தூக்கி வெளியே இழுப்பது கஷ்டம். சரிவுத் தகடு இல்லாத பெட்டி வெறும் குப்பைத் தொட்டிக்குச் சமம். பட்டறையில் ‘இது எதுக்கு அண்ணாச்சி, வீண் செலவு’ என்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். தகடு இருந்தும் பெட்டியைத் தினமும் காலி பண்ணாவிட்டால் பயனில்லை. மூன்று பார்சல் குவிந்தால் மேலே இருப்பது கைக்கு எட்டிவிடும்.

எடுக்கும் கதவு கீழே, முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ. கீல் உள்ளே இருக்க வேண்டும். வெளிக்கீல் வைத்தால் ஊசியைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றிவிடலாம், பூட்டு அப்படியே தொங்கும். பூட்டுக்கு நாதாங்கி வைத்தால் அதன் திருகுகள் கதவைச் சாத்தியபின் வெளியே தெரியக் கூடாது. வெல்டு வைத்துவிட்டால் கவலையே இல்லை. மிக்ஸி, டேபிள் ஃபேன் அளவுப் பெட்டி இந்த வாய்க்குள் போகாது. அதற்காக வாயைப் பெரிதாக்கினால் ஆள் கையும் தோளோடு போகும். பெரிய பொருள் வரும் நாளில் வீட்டில் இருங்கள்.

மேல்தகடு 20-க்கு 22 வெட்டினால் முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பின்னாலிருந்து முன்னால் அரை அங்குலம் சரித்து வைத்தால் ஐப்பசி கார்த்திகை மழை வாய்க்குள் இறங்காது. அடித்தகட்டில் 6 மி.மீ. துளை நான்கு. உள்ளே ஒரு ரப்பர் மேட். கோரைப்பாய்த் துண்டு போட்டால் ஈரம் பிடித்து மக்கும். மழை நேரத்தில் தெருவில் தண்ணீர் ஓடும் இடங்களில் அடி தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்கட்டும்.

பெயின்ட்தான் பலர் கோட்டை விடும் இடம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டின்மேல் சாதாரண ரெட் ஆக்சைடு அடித்து எனாமல் பூசினால் ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும். ஜி.ஐ.க்கென்று உள்ள பிரைமர் கேட்டு வாங்க வேண்டும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோரத்தில் வெல்டு வைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்; அங்கே இரண்டு கோட். நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறம். சித்திரை வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் சாக்லேட் குழம்பாகிவிடும், மருந்தும் கெட்டுப்போகும். மேற்கு வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

காலிப் பெட்டி 30 கிலோ வராது, இரண்டு பேர் சேர்ந்தால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். தரையில் நான்கு 10 மி.மீ. ஆங்கர் போல்ட், பெட்டியின் உள்ளிருந்து முடுக்கியது. காங்கிரீட் தளத்தில் இது நன்றாகப் பிடிக்கும். பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவரில் அடித்தால் போல்ட் முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். காரை பொடிந்து ஓட்டை பெரிதாகும், பிடிக்காது. அங்கே ஓர் அடிக்கு ஓர் அடி, ஓர் அடி ஆழத்தில் இரண்டு குழி தோண்டிப் பெட்டிக்குக் கால் வைத்து, அவற்றை 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் நட்டுவிடுங்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாடகை வீடு என்றால் அடியில் 25 கிலோ மணல் மூட்டை இரண்டு போட்டு, பெட்டியின் உட்புறத்திலிருந்து கிராதிக்கு ஒரு சங்கிலி.

திண்ணையே கம்பி அழியால் அடைத்திருந்தால் தனிப் பெட்டி தேவையில்லை. அழியில் 14-க்கு 10 அளவில் வெட்டி, உள்பக்கமாக ஒரு தகட்டுச் சரிவு வைத்தால் பார்சல் உள்ளே விழும். தெருவிலிருந்து கையோ, கொக்கி கட்டிய கம்போ எட்டாத தூரத்தில் விழ வேண்டும் என்பதை மட்டும் ஒரு கம்பை விட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எண் பூட்டு போட்டு அந்த எண்ணை ஆப்பில் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை எண்ணை மாற்ற வேண்டும். இத்தனை மாதத்தில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்று யோசித்தால் காரணம் விளங்கும்.

கேமரா

ஏழெட்டு அடி உயரத்தில், வாசலை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டிலிருந்து முகம் தெரியும்படி வையுங்கள். உச்சியில் வைத்தால் தொப்பியும் ஹெல்மெட்டும்தான் பதிவாகும். கிழக்குப் பார்த்த வாசலில் கேமரா தெருவைப் பார்த்திருந்தால் காலை வெயிலில் ஆள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். கரண்ட் போனால் கேமராவுக்கு மட்டும் இன்வெர்டர் இருந்து பயனில்லை, வைஃபை ரூட்டருக்கும் இருக்க வேண்டும். இரவில் கேமரா முன் சிலந்தி வலை கட்டினால் நிமிஷத்துக்கு ஒரு எச்சரிக்கை வரும், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒரு தடவை துணியால் துடைத்தால் சரி. எதிர்வீட்டு வாசல் படத்தில் விழாமல் திருப்பி வைப்பது மரியாதை, வம்பும் வராது.

பெட்டி வந்து, பொருள் வராமல் போனால்

பெட்டிக்குள் சோப்பும் செங்கல்லும் வைத்து அனுப்புவதும் களவுதான். வாங்கும்போது டேப்பைப் பாருங்கள். ஒரு டேப்பின்மேல் இன்னொரு டேப், நிறம் மாறிய டேப், ஓரம் சுருங்கிய அட்டை எல்லாம் சந்தேகத்துக்கு இடம். லேபிளில் எடை போட்டிருந்தால் அடுக்களைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். திறந்து காட்டி ஒப்படைக்கும் வசதி இருந்தால் போனுக்கும் லேப்டாப்புக்கும் அதையே தேர்ந்தெடுங்கள்.

வீடியோ எடுப்பதில் ஒரே விதி, நடுவில் நிறுத்தக் கூடாது. போனை யாரிடமாவது கொடுத்து, முதலில் லேபிள், பிறகு ஆறு பக்கமும், அதன்பிறகு கத்தி, உள்ளே இருப்பது, சீரியல் எண். டேப்பை வெட்டிவிட்டு வீடியோ தொடங்குகிறவர்களும், வெட்டும்போது பெட்டியை மடிக்குக் கீழே இறக்குகிறவர்களும்தான் அதிகம். அந்த வீடியோவைக் காட்டிப் பயனில்லை.

காணோம் என்றால்

ஆப்பில் டெலிவரி போட்டோ இருக்கும். அதில் தரை ஓடு, கதவு நிறம் உங்கள் வீடுதானா என்று பாருங்கள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மோட்டார் மூடிக்கு அடியில், பூந்தொட்டிக்குப் பின்னால், புறவாசலில் தேடுங்கள். நல்ல எண்ணத்தில் மறைத்து வைத்துவிட்டுச் சொல்ல மறந்த தம்பிகள் நிறைய. இல்லையென்றால் அன்றைக்கே ஆப்பில் புகார் போட்டு, புகார் எண்ணையும் ‘டெலிவர்டு’ என்று காட்டும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இணைய வணிகத்துக்கான 2020 நுகர்வோர் விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் தகராறு பதியலாம்.

திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் திருட்டு 303-ஆம் பிரிவு, குடியிருக்கும் வீட்டில் நடந்தது 305. பிரிவை நீங்கள் எழுத வேண்டியதில்லை. பொருள், விலை, பார்சல் எண், டெலிவரி நேரம், கடைசியாகப் பார்த்தவர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பில் நகலோடு கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள். நிறுவனமோ வங்கியோ கேட்கும்போது அந்த ரசீதின் நகலை அனுப்பலாம்.

காலி அட்டைப்பெட்டியை வாசலில் போடாதீர்கள். டிவி படம் போட்ட பெட்டி, உள்ளே புது டிவி இருப்பதைத் தெருவுக்குச் சொல்லும். பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் லேபிளை உரித்துவிடுங்கள். உரிக்க வரவில்லையென்றால் சூடான இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஒரு நொடி வையுங்கள். மை இல்லாமல் சூட்டில் அச்சாகும் காகிதம் என்றால் முழுக்கக் கறுத்துப்போகும். பெயரும் போன் நம்பரும் படிக்க முடியாது. கறுக்கவில்லையென்றால் அது சாதாரண மை அச்சு, மார்க்கரால் அடித்துவிட வேண்டியதுதான்.